கணக்கில் வராத ஒன்பது கிலோமீட்டர்

எங்கள் கார் முதன்முதலாகச் சூடானது சித்திரை மாதம் முதல் வியாழக்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு, புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால். ஒன்பது பத்து என்பது என் கைக்கடிகாரத்தின்படி. காரில் இருக்கும் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதைத் திருத்தும் பொத்தான் வேலை செய்யாது. ஆகவே காருக்குள் நடக்கும் எதற்கும் நான்கைக் கழித்துத்தான் நான் நேரம் எழுதுவது.

எழுதுவது என்றால், வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர் மீட்டர் காட்டிய எண், வானிலை, கூட வந்தவர்கள், எதற்காகப் போனோம் என்பது. எட்டு வருடமாக ஒரு பயணம் விட்டுப்போனதில்லை. பழைய நாட்குறிப்புகளைத் தேடித்தேடிப் படிக்கிறவன் நான். நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் ஊரில் எந்தக் கிழமை மழை பெய்தது என்று எழுதி வைத்ததைப் படித்தால் எனக்குக் கண் நிறைந்துவிடும். நானும் ஓர் ஓரத்தில் எழுதி வைப்போமே என்று ஆரம்பித்ததுதான். என் மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'ஆவணம்' என்பாள். சொல்வதற்கு முன் ஒரு விநாடி நிறுத்திவிட்டுச் சொல்வாள், அவ்வளவுதான்.

அன்று கடலூரில் எங்கள் வீட்டிலிருந்து, சிதம்பரத்தில் இருக்கும் அவளுடைய தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எப்போதும் பாதிக்குச் சற்றுக் கீழே படுத்திருக்கும் வெப்ப முள் மெல்ல எழுந்து மேலே போக ஆரம்பித்தது.

"ஏங்க, அது மேல போவுதே."

"வெயிலு."

"வெயிலு வெளியில அடிக்குது. முள்ளு உள்ள இருக்கு."

ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கியதும் ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பேர் கூடிவிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கி வந்தவர் வாட்டர் பம்ப் போய்விட்டது என்றார். பால் கேனோடு வந்தவர், கூலன்ட் ஊற்றுவதே தப்பு, வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார். நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர், "மூடிய மட்டும் இப்ப தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துடும்" என்றார். அந்த நான்கு பேரில் சரியாகச் சொன்னவர் அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. நான்காமவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னா மாடல் சார்?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அந்தத் தலையாட்டல்தான் என்னை மிகவும் வருத்தியது.

பதினேழு வயதான வெள்ளை நிறச் சின்னக் கார். எட்டு வருடத்துக்கு முன் பழையதாக வாங்கினோம். என் ஐம்பத்திரண்டாவது வயதில், அலுவலகத்தில் இன்னும் எழுத்தராக இருந்த காலத்தில், இதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டுவதில் மூன்று முறை தோற்றேன். மூன்று தேதியும் நோட்டில் இருக்கின்றன. நான்காவது முறை தேறியபோது, அதிகாரி என் வயதுக்கு மரியாதை கொடுத்துவிட்டார் என்று என் மனைவி அபிப்பிராயப்பட்டாள். அவள் எந்த வண்டியையும் ஓட்டுவாள். ஒருமுறை அவள் தம்பி வீட்டில், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற சிமெண்ட் வேனைச் சாவி வாங்கி நகர்த்தி நிறுத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். நானோ அதே வாசலில் மச்சானுடைய புதுக் காரை எடுத்துப் பார்க்கிறேன் என்று எடுத்து, மூன்று அடி நகர்ந்து, தண்ணீர்த் தொட்டியில் முட்டினேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஒரே வண்டி என்னுடையதுதான். என் இடது காலுக்கும் அதற்கும் எட்டு வருடப் பழக்கம்.

இந்த உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வண்டியை மாற்றலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம், இருக்கும் பொருளைக் கடைசிவரை உபயோகிப்பதுதான் நாகரிகம் என்றும், ஒரு புதுக் கார் செய்ய எவ்வளவு இரும்பு தோண்ட வேண்டியிருக்கிறது தெரியுமா என்றும் விரிவாகப் பேசுவேன். மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள்.

வண்டி இல்லாமல் எனக்கு என்ன நஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, கொள்ளிடக் கரையோர ஊர்களுக்குத் தனியாகப் போய், எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று டேப் வைத்து அளந்து எழுதி வருவது என் வழக்கம். யாரும் கேட்டு நான் செய்வதில்லை. ஒரு நாளைக்கு மூன்று நடை மினிபஸ் வரும் ஊர்கள் அவை; காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் திரும்ப முடியும், அதுவும் ஓர் ஊர்தான் பார்க்கலாம். காரில் ஐந்து ஊர் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். இந்த வண்டி போனால் அடுத்து வருவதை மனைவி ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளம் நின்ற உயரத்தை அளக்க இன்னொருவரை வெயிலில் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அத்தோடு அது முடிந்துபோகும்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் மெக்கானிக்கின் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, பட்டறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கடை லீவு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பார். அவர் நோய் பார்க்கும் முறை எனக்குப் பிடிக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான் நோட்டைத் திறந்து படிக்கத் தொடங்கினேன்.

"சித்திரை முதல் வியாழன், ஒன்பது பத்து, புதுச்சத்திரம். அதே நாள் திரும்பும்போது, மாலை ஐந்து முப்பத்தெட்டு, ஆலப்பாக்கம்..."

"சார், செத்த இருங்க. எஞ்சின் பேசறது கேக்கல."

அவர் முதலில் சொன்னது சித்திரை வெயில் என்று. இரண்டாவதாக ரேடியேட்டர் மூடியை மாற்றினார். அதன் ரப்பர் தளர்ந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, மீண்டும் புதுச்சத்திரம். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் புதிது போட்டார். தண்ணீர் சூடானதும் திறந்து, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அதை ஓடவிடும் சிறு கதவு அது. மூன்று நாள் ஊருக்குள் ஓட்டினேன், ஒன்றும் இல்லை. நான்காம் நாள் நெடுஞ்சாலையில் ஏறினேன். பெரியபட்டு தாண்டியதும் முள் எழுந்தது. ஃபேன் சரியாகச் சுற்றவில்லையோ என்று, சாவி போட்டதும் சுற்றும்படி நேராக இணைப்புக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வண்டி தெருமுனையில் வரும்போதே மாவு மில் வருவதுபோல் ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர், "தண்ணி மோட்டரை நிறுத்தலையான்னு போய்ப் பாத்தேன் சார், பாத்தா உங்க வண்டி" என்றார். ரேடியேட்டரின் உள்பக்கத்தை மருந்து விட்டுக் கழுவினார். வந்த தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது. வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அதையே திருப்பி மாட்டினார்.

வைகாசி முடிவதற்குள் நோட்டில் பதினோரு சூடு பதிவாகியிருந்தது. நான் அவற்றை ஒரு அட்டவணையாக்கினேன். ஊருக்குள் ஒருமுறைகூட இல்லை. பதினொன்றும் நெடுஞ்சாலையில், ஏசி போட்டு வேகமாகப் போகும்போது. கிழமைக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். செவ்வாய் சற்று அதிகம்.

மெக்கானிக் அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. நோட்டு எழுதறவங்க வண்டிக்குத்தான் ரிப்பேர் ஜாஸ்தி வருது. எழுதாதவன் ஓட்டிகிட்டே போயிடறான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கேக்கறேன்னு இல்ல. சித்திரைக்கு முன்னாடி வண்டிய வேற எங்கயாவது, ஏடாகூடமா எதுலயாவது விட்டீங்களா? தண்ணில, மணல்ல?" என்றார்.

பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள்.

"இல்லையே" என்றேன்.

"அப்ப ஹெட்டைத்தான் எறக்கிப் பாக்கணும்."

எஞ்சினின் தலைப்பகுதியை முழுசாகக் கழற்றி, நடுவில் இருக்கும் தகடு எரிந்துவிட்டதா என்று பார்ப்பது அது. பழைய வண்டிக்கு அந்தச் செலவு செய்வது, போகப்போகிறவருக்குப் பல் கட்டுவது மாதிரி என்று மனைவி சொன்னாள். ஆயிலில் தண்ணீர் கலந்து டீ நிறத்துக்கு மாறவில்லையே, ரேடியேட்டர் தண்ணீரில் குமிழ் வரவில்லையே, தலைத் தகடாக இருக்காது என்று மெக்கானிக்குக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் வேறு எதையும் கழற்ற மிச்சமில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். மச்சான் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். குமராட்சிப் பக்கம் ஒரு ஏக்கர் நிலமும் உண்டு. யாருக்கு என்ன வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது என்பது அவன் கடையில் தெரியாமல் போகாது. இரண்டே நாளில் ஆளைப் பிடித்துவிட்டான். திட்டக்குடிக்காரர், மளிகைக் கடை வைத்திருப்பவர், சின்ன வண்டியாகத் தேடுகிறாராம். ஆனி இரண்டாம் ஞாயிறு சிதம்பரம் வந்து ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு. சூடாகிறது என்பதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"நீங்க என்னா சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

இரும்புத் தாது பற்றிச் சொன்னேன்.

"சரி" என்றாள்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. ஞாயிறுக்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை சாயங்காலம், விற்கிற வண்டி மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது, எப்போதெப்போது ஆயில் மாற்றினோம் என்று வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுப்பதற்காக என் நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. நான் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நிமிடம் கழித்துப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பங்குனி கடைசி ஞாயிறு. சிதம்பரத்துலருந்து குமராட்சிக்கு நீங்களும் தம்பியும் போனீங்க. 'மதிய உணவு, வயல் பார்த்தல்'னு எழுதியிருக்கு."

"ஆமா."

"போன மாசி மாசமும் இதே எடத்துலருந்து கெளம்பி இதே எடத்துக்குப் போய் வந்திருக்கீங்க. அதவிட இந்தத் தடவ ஒம்பது கிலோமீட்டர் ஜாஸ்தி. இந்த ஒம்பது கிலோமீட்டர் எங்க போச்சு?"

நான் எழுதாமல் விட்டது உண்டு. பொய் எழுதியது இல்லை. மீட்டரில் என்ன இருந்ததோ அதை அப்படியே எழுதியிருந்தேன். மீட்டர் எண்ணை மாற்ற எனக்குக் கை வரவில்லை. நடந்ததை எழுதவும் கை வரவில்லை. காரணம், நடந்தது இதுதான்.

பங்குனியில் எங்கள் பக்கம் நெல் அறுத்த வயலில் போட்ட உளுந்து விளைந்துவிடும். செடியைப் பிடுங்கிக் காயவைத்து அடிக்க ஆளும் இல்லை, களமும் இல்லை. தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் வேனும் ஏறி மிதித்து நெற்று வெடித்து உளுந்து உதிரும். சாயங்காலம் சருகை வாரி ஒதுக்கிவிட்டு, அடியில் கிடப்பதைக் கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்வார்கள். குமராட்சி ரோட்டில் அந்த மாதம் பாதி தூரம் உளுந்துச் செடி மேல்தான் வண்டி போகும். காய்ந்த சருகு வண்டிக்கு அடியில் சிக்கி, புகைக்குழாய்ச் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அதன் மேல் நம் வண்டியை விடவே கூடாது, ஒதுங்கித்தான் போக வேண்டும் என்பது என் மனைவியின் கட்டளை. முந்தின வருடமே போட்டது.

அந்த ஞாயிறு மச்சான் தன் உளுந்தை மெயின் ரோட்டில் போடவில்லை. அங்கே இடம் கிடைக்காமல், வயலுக்குப் போகும் சின்ன ரோட்டில் பரப்பிவிட்டான். அதில் ஒரு நாளைக்கு வருவது நான்கு சைக்கிள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் என் தோளில் கை போட்டான்.

"மாமா, ரெண்டு தடவ ஏத்தி எறக்குங்களேன்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்லப் போறா? நீங்க ஓட்டினாதான் மாமா சரியா வரும். பொறுமையா ஓட்டுவீங்க. எனக்கு அந்த நிதானம் வராது."

எட்டு வருடத்தில் என் ஓட்டும் திறமையை ஒருவர் புகழ்ந்தது அதுவே முதல்தடவை. முன்னும் பின்னுமாக, ஏசி போட்டுக்கொண்டு, நாற்பது நிமிடம் ஓட்டினேன். ரிவர்ஸில் நேராகப் போக வருகிறதே என்று எனக்கே ஆச்சரியம். சுற்றிலும் தூசு எழும்பி, முன்கண்ணாடியில் துடைப்பானைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். மச்சான் ஓரத்தில் நின்று கையை ஆட்டி, "அந்த ஓரம் மாமா, இந்தப் பக்கம் இன்னும் வெடிக்கல" என்று கத்திக்கொண்டிருந்தான். இறங்கும்போது ஒரு விமானத்தை இறக்கிவிட்டு வந்தவன்போல இருந்தேன். இரண்டு படி உளுந்து கொடுத்தான். அதைக் கடையில் வாங்கினதாக வீட்டில் சொன்னேன்.

இவ்வளவையும் மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என்னைப் பேசச் சொல்லிக் கையால் காட்டினாள்.

"மச்சான், அந்த உளுந்து விஷயம்..."

"அய்யய்யோ மாமா, அக்காகிட்ட சொல்லிட்டீங்களா? சொல்லாதீங்க மாமா. அது மாடில இருக்கா, கீழ இருக்கா?"

"பக்கத்துல இருக்கேன்டா" என்றாள் மனைவி.

போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று பிறகு சொன்னான்.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் நாங்கள் இருவரும் போனோம். நானே சொல்ல வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். கையில் இருந்த ஸ்பேனரை அவர் கீழே வைத்தார்.

"உளுந்து அடிச்சீங்களா?"

"ஒரு நாப்பது நிமிஷம்."

"காருல?"

"மச்சான் கேட்டான்."

"சார், நான் மூடிய மாத்துனேன். தெர்மோஸ்டாட்ட மாத்துனேன். பம்ப கழட்டி மாட்டுனேன். ரெண்டு மாசம் ராத்திரி படுத்தா எனக்கு உங்க வண்டிதான். போன வாரம் பூசையில உக்காந்துகிட்டு உங்க ரேடியேட்டர நெனைச்சேன் சார், சாமியாரு என்னா சொன்னாருன்னே தெரியல. இத மொதல் நாளே சொல்லக்கூடாதா?"

வண்டியின் முகப்பு வழியாகக் குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது ரேடியேட்டர் இல்லை. அதற்கு முன்னால், விரற்கடை இடைவெளியில், ஏசிக்கான இன்னொரு தகட்டு அடுக்கு நிற்கிறது. அது சுத்தமாக இருந்தது. பின்பக்கம் பார்த்தால் ஃபேன் மறைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. ரேடியேட்டரின் உள்ளே ஓடும் தண்ணீரை இரண்டு மாதம் ஆராய்ந்தோம். வெளியே போகும் காற்றை ஒருவரும் நினைக்கவில்லை.

மேல் பட்டையின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு அடுக்கையும் மெதுவாகப் பிரித்தார். நடுவிலிருந்து தலையணைப் பஞ்சைப்போல் ஒன்று சரிந்தது. உளுந்துச் சருகு, பொடி, முடிமுடியான நெற்றுத் தோல், எல்லாம் சேர்ந்து இறுகிக் கம்பளித் துணி மாதிரி ஆகியிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ரேடியேட்டர் அளவுக்கே ஒரு விரிப்பாக உரிந்து வந்தது. வெடிக்காத நெற்றுகள்கூடச் சில இருந்தன. ஏசி போட்டதில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றி, எழும்பிய தூசு அத்தனையையும் சந்து வழியாக உள்ளே இழுத்திருக்கிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குக் கிடைத்த கொஞ்சம் காற்றே போதுமாக இருந்தது, நெடுஞ்சாலையில் போதவில்லை. உளுந்து அடித்த அன்று ராத்திரிக் காற்றில் ஏசி போடாமல் வீடு திரும்பியதால் தெரியவில்லை.

மனைவி ஒரு நெற்றை எடுத்து விரலால் உடைத்துப் பார்த்தாள். "நல்ல உளுந்து" என்றாள்.

பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு ரேடியேட்டர் வழியாக வெளிச்சம் தெரிந்தது. ஃபேனின் நேரடி இணைப்பை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கினார். புதன்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் எல்லைவரை ஏசி போட்டுப் போய்த் திரும்பினேன். முள் பாதிக்குக் கீழே படுத்துத் தூங்கியது. அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் புரிந்தது, இதுவரை குறையுள்ள வண்டி, திட்டக்குடிக்காரர் வேண்டாம் என்று போய்விட வாய்ப்பிருந்தது. இப்போது நான் அவருக்கு நல்ல வண்டியாகச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தேன். "இப்பத்தான் சரியாயிடுச்சே..."

"வர்றேன்னு சொன்ன மனுசன வராதீங்கன்னு எப்படிச் சொல்றது? தம்பி பேச்சுக் குடுத்திருக்கான்."

"அதுவும் சரிதான். ஆனா ஒரு புது வண்டி செய்யறதுக்கு..."

"இரும்பு" என்றாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மச்சான் வீட்டு வாசலில் திட்டக்குடிக்காரர் காத்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். கரை வைத்த வேட்டி, மெல்லிய குரல். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் காரின் டயரைப் பார்த்துப் பேசினான். மனைவி முதல் வேலையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: சூடானது, காரணம், யார் கேட்டு யார் ஓட்டினார்கள், எப்படிச் சரியானது. அவர் மிகவும் மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "எங்க பக்கம் கம்பு போடுவாங்க சார்" என்று என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்.

கிள்ளை வழியாகப் பிச்சாவரம்வரை அவரே ஓட்டினார். நான் முன்சீட்டில், பின்னால் மனைவியும் மச்சானும். என் வண்டியில் அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கியர் மாற்றியது எனக்குக் கேட்கவே இல்லை. நான் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது வண்டி ஒருமுறை கனைக்கும். வண்டியின் குணம் என்று எட்டு வருடமாக நம்பியிருந்தேன். அவரிடம் அது கனைக்கவில்லை. படகுத்துறைக்கு முன்னால் திருப்பி, ஒரே வளைவில், நிறுத்தாமல் திரும்பினார். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. முள் அசையவில்லை. எழுந்தால் என்ன என்று நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் வந்தேன்.

வாசலில் நிறுத்திச் சாவியை என் கையில் கொடுத்தார். "வண்டி தங்கமா இருக்கு சார். எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க சொன்னா இன்னிக்கே முடிச்சுக்கலாம்."

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல மாமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "என்னங்க, குடுத்துடலாமா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஒரு பொருள கடைசிவரைக்கும் உபயோகிக்கறதுதான்..."

"அது வேணாம். குடுத்துடலாமா, வேணாமா? ஏன்? அத மட்டும் சொல்லுங்க."

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டக்குடிக்காரர் இரண்டு பஸ் மாறி வந்தவர். அவருக்காவது ஒரு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"எனக்கு வேற வண்டி ஓட்ட வராது" என்றேன். "இது போச்சுன்னா அப்புறம் நான் எங்கயும் தனியா போக முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று எட்டு வருடம் காத்திருந்தேன். அந்த ஏற்பாடு வீணாகிவிட்டது. மச்சான்தான் முதலில் பேசினான். "அது தெரிஞ்சதுதானே மாமா. எங்க தண்ணித் தொட்டிக்கே தெரியுமே."

மனைவி திட்டக்குடிக்காரர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க அண்ணே. அலைய வச்சிட்டோம். இத இவரு வாயால ஒருதடவ சொன்னா போதும்னு ரெண்டு மாசமா கேட்டுகிட்டு இருக்கேன். இருந்து சாப்ட்டுட்டுதான் போவணும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாகச் சாப்பிட்டார், உளுந்து வடையை இன்னும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு ஒரு சின்ன வண்டி கண்ணில் பட்டால் சொல்வதாக மச்சான் வாக்குக் கொடுத்தான். பஸ் நிலையம்வரை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவர் ஒரு கணம் தயங்கியதாகப் பட்டது, பிறகு ஏறிக்கொண்டார்.

மேல வீதி முனையில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினேன். வண்டி கனைத்தது. அவர் கதவின் மேல் இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிலையம் வரும்வரை அதை விடவில்லை.

"சார்" என்றார் இறங்கியதும், ஜன்னல் வழியாகக் குனிந்து. "நீங்க வண்டிய வச்சுக்கறதுல எனக்கு வருத்தமே இல்ல. நீங்க வேற வண்டி எடுக்காம இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது."

விருத்தாசலம் பஸ் தயாராக நின்றது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். நான் ரிவர்ஸ் கியர் போட்டேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, பீடியைக் கீழே போட்டு, அவசரமாக இறங்கி வந்து, தன் வண்டிக்கும் என் வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு, "வா சார், வா, ஒடிச்சு வா, போதும், போதும்" என்று இரண்டு கையாலும் சைகை காட்டி என்னைப் பத்திரமாக ரோட்டுக்கு அனுப்பி வைத்தார்.